தெருவுக்குக் காவல் யார்?

நகரத்தில் வாடகை வீடு தேடும் குடும்பத்தார் முன்பெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்பர்: தண்ணீர் வருமா? பள்ளிக்கூடம் அருகில் உண்டா? கோவிலுக்கு நடந்து செல்ல இயலுமா? இன்று இவற்றோடு நான்காவதாக ஒரு கேள்வி சேர்ந்து, முதலிடத்தையும் பிடித்துக்கொண்டது. "அது பயமில்லாத பகுதிதானா?" என்பதே அக்கேள்வி. வயது வந்த மகளை மாலை வகுப்புக்கு அனுப்பும் தாயும், இரவு வேலைக்குச் செல்லும் தந்தையும், பிள்ளைகள் தொலைவில் இருக்கத் தனித்து வாழும் முதியோரும் இதைக் கேட்பது நியாயமே. ஆயின், இதற்கான விடையை நாம் எங்கே தேடுகிறோம்?

சிலர் புள்ளிவிவரத்தில் தேடுகின்றனர். 1986-இல் நிறுவப்பெற்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், நாடெங்கும் பதிவாகும் குற்றங்களைத் தொகுத்து அறிக்கை வெளியிடுகிறது. ஓர் இலட்சம் மக்களுக்கு இத்தனை வழக்குகள் என்பதே குற்ற விகிதம். இங்கே 'பதிவாகும்' என்னும் சொல்லை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நடந்த குற்றம் வேறு. பதிவான குற்றம் வேறு. சங்கிலியைப் பறிகொடுத்தவர், "ஸ்டேஷனுக்கு யார் அலைவது?" என்று வாளாவிருந்துவிட்டால், அந்தத் தெரு ஏட்டில் அமைதியான தெருவாகவே காட்சியளிக்கும். தக்க குற்றப் புகார் வந்தால் காவல் நிலையம் முதல் தகவல் அறிக்கையைப் பதிந்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதனை நேர்மையாகக் கடைப்பிடிக்கும் காவல் நிலையத்தில் வழக்குகளின் எண்ணிக்கை கூடுமேயன்றிக் குறையாது.

மற்றோர் எடுத்துக்காட்டு. அரசு அலுவலரின் ஆணையை மீறியதாக இந்தியா முழுவதிலும் 2019-இல் பதிவான வழக்குகள் 29,469. கொரோனா ஊரடங்கு நிலவிய 2020-இல் அவை 6,12,179 ஆயின. இதனால் அவ்வாண்டின் மொத்தக் குற்றக் கணக்கு வீங்கிற்று. ஆனால் அதே ஆண்டில் திருட்டும் கொள்ளையும் குறைந்திருந்தன. மொத்த எண்ணை மட்டும் பார்த்தவர் நாட்டில் கள்வர் பெருகிவிட்டதாக அன்றோ எண்ணியிருப்பார்!

வேறு சிலர் விடையை மதிலிலும் இரும்புக் கதவிலும் காவலாளியிலும் தேடுகின்றனர். 2017 முதல் சென்னைக் காவல்துறை தெருக்களிலும் கடைகளிலும் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்துமாறு மக்களைப் பெரிதும் ஊக்குவித்தது. குற்றவாளியைப் பிடிக்க அவை உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. எனினும், 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்திலிருந்து வந்த செய்தியை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. வாயிலில் காவல் உண்டு. மின்தூக்கிக்கு ஆள் உண்டு. அங்கே வாழ்ந்த ஒரு சிறுமி மாதக்கணக்கில் கொடுமைக்குள்ளானாள். கைதான 17 பேரில் காவலாளிகளும் மின்தூக்கி இயக்குவோரும் இருந்தனர். 2020 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அத்தனை வீடுகள் சூழ்ந்திருந்தும் அக்குழந்தையின் முகவாட்டம் அத்தனை காலம் எவர் கண்ணிலும் படவில்லையே! கதவு பூட்டியிருந்தது, ஆயினும் ஆபத்து கதவுக்கு உள்ளேதான் இருந்தது.

இது தனித்ததொரு நிகழ்ச்சியன்று. பெண்களுக்கு எதிரான பாலியல் வன்கொடுமை வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் முன்பே அறிமுகமானவர் என்று மேற்கூறிய காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டி வந்துள்ளன. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர் எனப் பலரும் அதில் அடங்குவர். நாமோ முன்பின் தெரியாத முகங்களையே அஞ்சுகிறோம். குடிசைப் பகுதியிலிருந்து வரும் இளைஞன், வடநாட்டுக் கட்டடத் தொழிலாளி, பழைய பேப்பர் வாங்க வருபவர் ஆகியோர்மீதே நம் ஐயம் பாய்கிறது.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பர் பெரியோர். அத்தகைய அச்சம் கொலையிலும் முடியும். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டத்திற்குக் குடும்பத்தோடு வந்த 65 வயதுச் சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காகவே கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. பிள்ளைகளைக் காக்கிறோம் என்று எண்ணியவர்களே கொலைகாரராயினர்.

அப்படியெனில் தெருவைக் காப்பது எது? இக்கேள்வியை முறையாக ஆராய்ந்தோரும் உளர். குற்றத்திற்குப் பெயர்போன அமெரிக்கச் சிக்காகோ மாநகரின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டறிந்து, சமூகவியல் அறிஞர் ராபர்ட் சாம்ப்சனும் அவர்தம் தோழரும் 1997-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். வறுமையில் ஒத்த பகுதிகளுக்குள்ளும் வன்முறையில் வேறுபாடு இருந்தது. எங்கே அயலார் ஒருவரையொருவர் நம்பினரோ, பள்ளிக்குச் செல்லாமல் தெருமுனையில் திரியும் சிறுவனை "ஏனப்பா?" என்று கேட்க முன்வந்தனரோ, அங்கே வன்முறை குறைந்திருந்தது. எனவே, ஏழைகள் வாழும் இடமே குற்றத்தின் இருப்பிடம் என்னும் முடிவுக்கு நாம் விரைதல் தகாது.

அன்பார்ந்த பெற்றோரே, நாம் செய்யக்கூடியவை எளியவை. நம் மாடியில் குடியிருப்போரின் பெயர்கள் நமக்குத் தெரியுமா? காவலாளியை வேலைக்கு அமர்த்துமுன் அவரைப் பற்றி விசாரித்தோமா? அமர்த்தியபின் அவரை மனிதராக நடத்துகிறோமா? தனித்து வாழும் முதியவரின் கதவு காலையில் திறந்ததா என்று எவரேனும் பார்க்கிறோமா? "யார் தொட்டாலும், யார் மிரட்டினாலும் எங்களிடம் சொல், உன்னைக் கோபிக்க மாட்டோம்" என்று நம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா?

குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததாக அறிந்தால், குடும்ப மானம் கருதி மூடி மறைப்பது அறமன்று, சட்டத்தின்படியும் குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அறிந்தவர் எவராயினும் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவர்மீது நடவடிக்கை இல்லை என்றும் உறுதியளிக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அவசர உதவிக்கு 112. இவற்றை வீட்டுச் சுவரில், பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதி ஒட்டுங்கள். நாள்காட்டியைத் தொங்கவிடும் ஆணிக்குக் கீழே இடமிருக்கும். ஒட்டிய கையோடு எதிர்வீட்டுக் கதவையும் தட்டி, அவர்களுக்கும் இவ்வெண்களைச் சொல்லிவிட்டு வாருங்கள்.