விரதத்துல விட்டதை ஏன் திரும்பப் பத்த வைக்கணும்?

தைப்பூச வேலையெல்லாம் முடிஞ்சு இப்பத்தான் உட்கார நேரம் கிடைச்சது. உழைச்ச தொண்டூழியர் அனைவருக்கும் நன்றி. கூடவே ஒரு மனக்குறையும் சொல்லணும்.

அன்னதானத்துக்குப் பல வருஷமா காய் நறுக்கித் தர்ற அண்ணன் ஒருத்தர் இந்த வருஷம் வரல. போன வருஷம் அவருக்குச் சிறுநீர்ல ரத்தம் போச்சு. வலி இல்ல. "உடம்புச் சூடு தம்பி, பார்லி தண்ணி குடிச்சா சரியாயிடும்"னார். ரெண்டு நாள்ல நின்னுடுச்சு. நானும் தலையாட்டினேன். சில மாசம் கழிச்சு மறுபடி வந்தப்பத்தான் டாக்டர்கிட்ட போனார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?

புகை போறது நுரையீரலுக்குத்தானே, சிறுநீர்ப்பைக்கு என்ன வேலைன்னு எனக்குக் குழப்பம். தேடிப் படிச்சேன். புகையில் உள்ள நச்சு நுரையீரல் வழியா ரத்தத்தில் கலக்குது. ஈரல் அதை மாற்றுது, சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பப் பார்க்குது. வெளியேறும் வரை அது தங்குற இடம் சிறுநீர்ப்பை. மணிக்கணக்கா உள்சுவரில் பட்டுக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கில் அங்குள்ள செல்களின் மரபணு கெட்டுப்போகுது.

1895லேயே லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் மருத்துவர், சாயத் தொழிற்சாலை ஆட்களுக்கு இந்தப் பையில் கட்டி வர்றதைக் கவனிச்சுச் சொல்லிட்டார். பிற்பாடு பிடிபட்ட குற்றவாளிகளில் ஒன்று 2-நாஃப்தைலமீன். பல நாடுகள் தொழிற்சாலையில் அதைத் தடை செஞ்சாச்சு. அதே பொருள் சிகரெட் புகையிலும் இருக்கு, நாமதான் வெள்ளி கொடுத்து வாங்கி இழுக்கிறோம்! புகைக்கிறவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மூணு மடங்குக்கு மேல. இந்த நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் காரணம் புகைதான்.

இப்ப என் மனக்குறை. காவடி எடுக்கிற தம்பிகள் விரத நாள் முழுக்க சிகரெட்டைத் தொடுறதில்ல. பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் நடந்து, காவடியை இறக்கின அரை மணி நேரத்துல மஞ்சள் கோட்டுக்குள்ள நின்னு பத்த வைக்கிறாங்க. கஷ்டமான நாட்களைத் தாண்டியாச்சேப்பா! விட்டால் ஆபத்து குறையும். முழுசா போக பல வருஷம் ஆகும், அதனாலதான் இன்னிக்கே விடச் சொல்றேன்.

சிறுநீர்ல ஒரே ஒரு தடவை ரத்தம் பார்த்தாலும், வலி இல்லாட்டியும், தானா நின்னாலும், பாலிகிளினிக் போங்க. சூடுன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. புகையை விட உதவி வேணும்னா குவிட்லைன் 1800 438 2000.

அண்ணனுக்குச் சிகிச்சை நடக்குது. இந்த வருஷ விரதத்துல விட்டவங்க யாராவது இன்னும் தொடாம இருந்தா கீழே சொல்லுங்க, அவர்கிட்ட படிச்சுக் காட்டுறேன்.