"அமைதியான இடம்" என்று இனியும் சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா பக்கம் யார் வந்து போனாலும் முகநூலில் எழுதுவது ஒரே வசனம்தான். "என்ன அமைதி! இங்கேயே இருந்துவிடலாம் போல." டெவன் நீர்வீழ்ச்சி பக்கத்தில் ஒரு படம், பனி மூடிய தேயிலை மலை ஒரு படம், தூரத்தில் கோடு போட்டது போல ஒரு லயம். ஆயிரம் லைக்.

வந்து போகிறவர்களை விடுங்கள். அவர்களுக்கு மூன்று நாள் லீவு. நம்ம டவுன் ஆட்களும் இதையே சொல்கிறோம். "தோட்டத்துச் சனம் நிம்மதியா இருக்குது சேர், சத்தம் இல்ல, சண்டை இல்ல, நமக்குத்தான் கடையும் கடனும் தலையிடியும்" என்று தேத்தண்ணிக் கடையில் என்னிடமே சொன்னவர்கள் உண்டு. இந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மை. லயத்தில் அமைதி கிடையாது. அமைதி தெரிவது ரோட்டில் இருந்து பார்க்கும்போது மட்டும். 10 அடிக்கு 12 அடி காம்பரா. முன்னால் ஒரு இஸ்தோப்பு. இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே தகரம். பக்கத்துக் காம்பராவில் தாத்தா இருமினால் இங்கே பிள்ளை எழும்பும். மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் பேச்சே கேட்காது. உயர்தரம் படிக்கும் என் மாணவிகள் பலர் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிப் படிக்கிறார்கள். அக்கறை மட்டும் காரணமில்லை. அந்த நேரத்தில்தான் டீவியும் சண்டையும் ஓய்ந்திருக்கும். அதற்குள் அம்மா எழும்பி அடுப்பு மூட்டிவிடுவார், புகை வந்துவிடும். நீங்கள் படம் எடுத்த அமைதி அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளில் ஒன்றரை மணித்தியாலம்தான் கிடைக்கிறது.

அமைதியை வேறு ஒருவருக்காகக் கட்டி வைத்திருந்தார்கள். துரை பங்களா மேட்டில், பூந்தோட்டத்துக்கு நடுவில். லயம் பள்ளத்தில், சத்தம் மேலே போகாத தூரத்தில். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பழைய பங்களாக்களில் சில இன்று சொகுசு விடுதிகள். அங்கே ஒரு இரவு தங்குகிறவர் கொடுக்கும் காசு, கொழுந்து எடுக்கும் பெண்ணின் பல நாள் சம்பளம். அவர் காசு கொடுத்து வாங்குவது அந்தப் பழைய தூரத்தைத்தான்.

பகலில் லயம் வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று கேட்பீர்கள். ஆட்கள் எங்கே என்று யோசித்தீர்களா? பெண்கள் மலையில். பொடியன்மார் கொழும்பில், கடைகளிலும் ஹோட்டல்களிலும். எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்கில், யாரோ ஒருவரின் சமையலறையில். பெற்றோர் கூட்டம் வைத்தால் பல பிள்ளைகளுக்கு அம்மாயியும் அப்பாயியும்தான் வருகிறார்கள். தீபாவளிக்கு நான்கு நாள் வந்து பாருங்கள், அதே லயம் எப்படிக் கலகலக்கிறது என்று. மற்ற நாட்களில் நீங்கள் கேட்பது ஆள் இல்லாத வீட்டின் சத்தமின்மை. அதற்கு அமைதி என்று பெயர் வைக்காதீர்கள்.

இப்போது காணி விளம்பரங்களைப் பாருங்கள். "அமைதியான சூழலில் காணி விற்பனைக்கு" என்று போட்டுவிட்டு அடுத்த வரியில் என்ன எழுதுகிறார்கள்? தெளிவான உறுதி. வாகனம் போகும் பாதை. தண்ணீர், மின்சாரம். டவுனுக்கு பத்து நிமிடம். உறுதியும் பாதையும் இல்லாவிட்டால் அந்த அமைதியை ஒரு ரூபாய்க்கும் யாரும் வாங்க மாட்டார்கள். விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். லயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நமக்குத்தான் தெரியவில்லை.

உறுதியை எடுங்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதிலிருந்து கணக்குப் பார்த்தாலும் 150 வருடத்துக்கு மேல். 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. காணி கை மாறியது, காணியில் உழைத்தவனுக்கு மட்டும் மாறவில்லை. ஓய்வு பெற்ற தொழிலாளி இன்றும் தன் காம்பராவுக்குப் பின்னால் ஒரு குசினி இறக்குவதென்றால் தோட்டத்து ஆபிசில் போய்க் கேட்க வேண்டும்.

புது வீடுகள் கட்டுகிறார்களே என்பீர்கள். கட்டுகிறார்கள், நன்றி சொல்வோம். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி இன்னும் 10,000 என்று அறிவித்தார். ஆனால் லயத்தில் இன்னும் இருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு முன்னால் இது சிறிது. புது வீட்டுக்குக் குடிபோன பிறகும் 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டுச் சாவி கையில், வீடு யாருடையது என்ற காகிதம் கையில் இல்லை.

விலாசத்தை எடுங்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது என் வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் ஒரே விலாசம் எழுதுகிறார்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், முடிந்தது. வீட்டுக்கு இலக்கம் இல்லை. ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் கடிதம் மூன்று கை மாறும். என் மாணவி ஒருத்திக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், திகதி முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் அவள் கைக்குக் கிடைத்தது. அவள் சத்தம் போடவில்லை. "பரவாயில்ல சேர்" என்றாள். அமைதியான பிள்ளை என்று எல்லோரும் மெச்சிக்கொள்ளும் பிள்ளை.

இந்தப் "பரவாயில்ல சேர்" தானாக வந்ததில்லை. 1947 தேர்தலில் மலையக மக்கள் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, அதைத் தொடர்ந்து வாக்கும் போனது. 1964 ஒப்பந்தத்தில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தன. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைக்கு 2003 வரை சட்டம் தேவைப்பட்டது. வாக்கு இல்லாதவன் ஊருக்கு யார் பாதை போடுவான்? 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கத் தடையாக இருந்தது. அதைத் திருத்தவே 2018 ஆனது. இத்தனை வருடம் வாயை அடைத்துவிட்டு, இப்போது என்ன அமைதி என்கிறோம்.

இந்த அமைதி உயிரையும் எடுக்கும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஏன் போகவில்லை என்று அன்று டவுனில் பலர் கேட்டார்கள். எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணி இருந்தால்தானே எழும்பிப் போகலாம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாட்டில் அதே கேள்வி, அதே பதில்.

நான் தோட்டத்துக்காரன் இல்லை. டவுனில் உறுதியுள்ள வீட்டில் இருக்கும் முஸ்லிம். உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கும் சகோதரர்களுக்கு: அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். நம்ம கடைகளின் கொப்பியில் கடன் எழுதுவதும் சம்பள நாளில் வந்து தீர்ப்பதும் இந்த அண்டை வீட்டார்தான். அவர்கள் விலாசம் கேட்டால் நாமும் கூட நிற்க வேண்டாமா?

தோட்டத்துப் பெற்றோருக்கு: 2025 மே மாதம் உங்கள் வாசலுக்கு வந்து வாக்குக் கேட்ட பிரதேச சபை உறுப்பினரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வீடு இலக்கம், பாதைக்குப் பெயர், இரண்டும் சபையில் எழுத்தில் கேளுங்கள். சட்டம் தடுக்கிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது. கடிதம் எழுத ஆள் வேண்டுமென்றால் பாடசாலைக்கு வாருங்கள். நானும் என் சக ஆசிரியர்களும் எழுதித் தருகிறோம். கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.

அமைதி நல்லதுதான். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு கதவும், அது என் கதவு என்று சொல்ல ஒரு உறுதியும் இருக்கிறவனுக்கு அது நல்லது. அது கிடைக்கும் வரை கொஞ்சம் சத்தம் போடுவோம்.

உங்கள் தோட்டத்தில் வீட்டு இலக்கம் இருக்கிறதா, இல்லையா? கீழே எழுதுங்கள். தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் போதும். பட்டியலை நானே சபைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.