அப்பா 434 சிக்ஸர்... மகனுக்கு பந்து தரையை விட்டு எழும்பலையே! ட்ரூ ஜோன்ஸ் தேறுவாரா?

81 லட்சம் டாலருக்கு மேல போனஸ் வாங்கிக் கையெழுத்து போட்டாச்சு. முதல் பேட்டிங் பயிற்சி. ஒரு மேட்ச்கூட ஆடல, அதுக்குள்ள இடது தோள்பட்டை போயிடுச்சு. 2022-ல அமெரிக்க பேஸ்பால் டிராஃப்டில் இரண்டாவது ஆளா அரிசோனா டைமண்ட்பேக்ஸ் தூக்கிய ட்ரூ ஜோன்ஸின் தொழில்முறை வாழ்க்கை ஆபரேஷன் தியேட்டரில்தான் ஆரம்பிச்சது.

அவர் அப்பா ஆண்ட்ரூ ஜோன்ஸ், கியூராசோ தீவுக்காரர். 19 வயசுல 1996 வேர்ல்ட் சீரிஸின் முதல் மேட்ச்சிலேயே இரண்டு ஹோம் ரன். (ஹோம் ரன்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு... நம்ம சிக்ஸரோட அண்ணன்!) சென்டர் ஃபீல்டில் நின்னு தொடர்ந்து 10 கோல்டு கிளவ் விருது வாங்கினவர். மகனும் அதே இடத்துலதான் நிக்கிறார். கொஞ்சம் பாவம்தான்.

ஃபீல்டிங்கில் அப்பா பேரைக் காப்பாத்துறார், அதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் பேட்டில். காயங்களால 2023-ம் பெரும்பாலும் வீணாப்போச்சு. 2024-லதான் ஒரு சீசனை ஒழுங்கா ஆடினார். மைனர் லீக்கின் கீழ்ப்படியான சிங்கிள்-ஏ-வில், கலிஃபோர்னியாவின் விசாலியா அணிக்கு 109 மேட்ச். சராசரி .275. ஆனா, ஹோம் ரன் வெறும் 6. ஆறடி நாலங்குல உயரத்துக்கு இது ரொம்பக் கம்மி.

காரணம், கிரவுண்ட் பால். கிரிக்கெட்டில் தரையோட அடிச்சா கோச் தட்டிக்கொடுப்பார். பேஸ்பாலில் அடிச்சவன் ஓடியே ஆகணும். உருண்டு வர்ற பந்தை இன்ஃபீல்டர் எடுத்து முதல் பேஸுக்கு எறிஞ்சா அவுட், அவ்வளவுதான். எவ்வளவு பலமா அடிச்சாலும் பந்து மேல எழும்பலைன்னா பிரயோஜனம் இல்லை. 2025-ல ஒரு படி ஏறி, ஹை-ஏ லெவலில் ஹில்ஸ்போரோவுக்கு ஆடினப்பவும் இந்தக் குறை தீரலை.

நல்ல விஷயமும் இருக்கு. கெட்ட பந்தை விட்டுட்டு பொறுமையா 'வாக்' வாங்கத் தெரியுது. கண்ணு சரியா இருக்கு, பேட் சுழலுற கோணம்தான் மாறணும். அது கத்துக்கொடுக்கக்கூடிய சமாசாரம்னு நான் நினைக்கிறேன்.

இதே அணியின் கார்பின் கேரலும் 2021-ல தோள்பட்டை ஆபரேஷன் பண்ணவர்தான். 2023-ல அவர் ஆண்டின் சிறந்த புதுமுகம்! ஆனா, அந்தக் கதையை ட்ரூவுக்கு அப்படியே பொருத்த முடியாது. கேரல் ஆபரேஷன் முடிஞ்சு வந்த அடுத்த வருஷமே மேஜர் லீக்கில் கால் வெச்சுட்டார்.

ட்ரூவுக்கு முன்னாடி முதலாவதா தேர்வான ஜாக்சன் ஹாலிடேவும், மூன்றாவதா வந்த குமார் ராக்கரும் (ஆமா, அம்மா வழியில் இந்திய வம்சாவளி) 2024-லேயே மேஜர் லீக் ஏறியாச்சு. போன நவம்பரில் 22 வயசைத் தொட்ட ட்ரூவுக்கு இப்போ கெடுவும் இருக்கு. 2026 நவம்பருக்குள்ள அரிசோனா தன் 40 பேர் பட்டியலில் அவரைச் சேர்க்கணும். சேர்க்கலைன்னா, 'ரூல் 5' டிராஃப்டில் வேற அணி கொத்திட்டுப் போகலாம்.

என் கணிப்பு? ஃபீல்டிங்குக்காகவே ஒருநாள் மேஜர் லீக்கில் நாலாவது அவுட்ஃபீல்டரா உட்காருவார். அடுத்த அப்பாவா வர்றதுக்கு வாய்ப்பு குறைவு. அடுத்த படி டபுள்-ஏ, டெக்சாஸின் அமரிலோ. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல இருக்குற ஊர், அங்கே பந்து சும்மாவே பறக்கும். அதனால அங்கே போய் ட்ரூ 15 ஹோம் ரன் அடிச்சாலும் உடனே விசில் அடிச்சிடாதீங்க. கிரவுண்ட் பால் குறைஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க!