கிரிக்கெட்டுக்கு ஒரு மசலா

நமக்குக் கிரிக்கெட் பிடிக்காது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நேர்மை. எந்தக் கட்சியும் பிடிக்காது என்று இந்நாட்டில் ஒருவர் சொல்லலாம். திரைப்படம் பார்ப்பதில்லை என்றும் சொல்லலாம். கேட்பவர் தலையசைத்துவிட்டுத் தம் வழியே போவார். கிரிக்கெட் பிடிக்காது என்று சொன்னால் மட்டும், உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ என்பதுபோல் முகத்தை உற்றுப் பார்க்கிறார்கள்.

விளையாட்டையே வெறுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லோம் நாம். அம்பெய்தலையும் குதிரையேற்றத்தையும் போற்றிய மரபு நம்முடையது. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டியில் ஓடிய செய்தியைப் பாடம் சொல்லும்போதெல்லாம் நம் உள்ளம் மலர்கிறது. தெருவில் தென்னை மட்டையும் ரப்பர் பந்துமாக ஆடும் பிள்ளைகளை நாம் ஒருநாளும் விரட்டியதில்லை. ஆடுகிறவனுக்கு உடல் வலுவாவது மிஞ்சுகிறது. நம் வழக்கு ஆடாதவரோடு. ஓர் அடி ஓடாமல், ஒரு பந்து எறியாமல், பாயில் சாய்ந்தபடி ஆண்டில் பாதி நாளைப் பிறருடைய ஓட்டத்தை எண்ணிக் கழிக்கிறார்களே, அவர்களோடுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், நெருங்கிய உறவினர் இல்லத்து நிக்காஹ் மஜ்லிஸ். பந்தல் நிறைந்திருந்தது. மணமகன் வந்து அமர்ந்துவிட்டார். குத்பா ஓத நாம் ஆயத்தமானபோது வகீலையும் காணோம். சாட்சிகளில் ஒருவரையும் காணோம். பெண்ணின் வாப்பா வியர்த்து நின்றார். தேடிப்போன சிறுவன் திரும்பி வந்து, “பந்தலுக்குப் பின்னால வேனுக்குள்ள இருக்காங்க ஹஜ்ரத், கடைசி ரெண்டு ஓவராம்” என்றான். இரு குடும்பங்களின் உறவும், ஒரு பெண்ணின் சம்மதமும், மஹரும், துஆவும் பன்னிரண்டு பந்துகளுக்காகக் காத்துக்கிடந்தன. வந்தவர்கள் வருந்தியபடி வந்தார்கள் என்று எண்ண வேண்டாம். தோற்ற அணிக்காக வருந்தியபடி வந்தார்கள்.

நமக்கு வந்த கோபத்தை அடக்க முடியவில்லை. அடுத்த வாரம் அரை மணி நேரம் கண்டித்துப் பேசினோம். நேரத்தின் அருமை, மறுமையின் கணக்கு, வீண் கேளிக்கையின் கேடு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பலன் என்ன? நம் தலையைக் கண்டதும் கைப்பேசியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளும் பழக்கம் ஊர்ப்பிள்ளைகளுக்கு வந்தது. முன்னே வெளிப்படையாகப் பார்த்தார்கள். நம் உரைக்குப் பின்னே மறைவாகப் பார்த்தார்கள். ஒரு குற்றத்தை இரண்டாக்கியதுதான் நம் கண்டனத்தின் பயன்.

அன்றிரவு நூலடுக்கில் கைபோன இடத்தில் மசலா நூல் ஒன்று அகப்பட்டது. 1572ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் ‘ஆயிரம் மசலா’ பாடிய காலந்தொட்டு, வினாவும் விடையுமாக அறிவு புகட்டும் இவ்வடிவம் தமிழ் முஸ்லிம்களின் சொந்தச் செல்வமாய் இருந்து வருகிறது. நம் பாட்டிமார் விளக்கொளியில் நூறு மசலாவைப் பாடக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். கோபத்தால் ஆகாததை இவ்வடிவத்தால் ஆக்கிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. எழுதினோம். மறுநாள் வகுப்பில் வாசித்தோம்.

பதினொருவர் ஓட, பல கோடிப் பேருக்கு மூச்சு வாங்குவது எங்கே? தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே.

மழை வேண்டித் தொழுத ஊரிலேயே மழை வேண்டாம் என்று துஆக் கேட்பவன் யார்? ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கியவன்.

ஐந்து நாள் பாடுபட்டும் முடிவு காணாத வேலைக்குக் கூலி உண்டா? உண்டு. நம் வீட்டுக் கொத்தனாருக்குத்தான் இல்லை.

மனிதரை ஏலம் விடும் வழக்கம் ஒழிந்துவிட்டதா? ஒழியவில்லை, முறை மாறிவிட்டது. முன்பு விலை போனவன் அழுதான். இப்போது விலை போகாதவன் அழுகிறான்.

பந்தைத் தொடாமலே தோற்பவன் யார்? பந்தயம் கட்டியவன்.

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அரை மணி நேரக் கண்டனம் நுழையாத செவிகளில் ஐந்து வினாக்கள் நுழைந்துவிட்டன. அன்று மாலைக்குள் ஊர் முழுதும் பரவி, வேனுக்குள் அமர்ந்திருந்த அந்தச் சாட்சியே நம்மைக் கண்டு நாணிச் சிரித்துவிட்டுப் போனார்.

இதைக் கேள்வியுற்ற அன்பர் சிலர் நம்மைக் கடிந்துகொண்டார்கள். அவர்களுக்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

‘ரசிக்கத் தெரியாதவர் வாய்மூடி இருக்கலாமே’ என்பது முதல் கடிதல். அப்படியானால் கஞ்சர்களைப் பற்றி எழுத ஜாஹிழ் கஞ்சராய் இருந்திருக்க வேண்டுமா? கிபி 869இல் மறைந்த அந்தப் பஸ்ராப் பேரறிஞர் ‘கிதாபுல் புகலா’ என்று கஞ்சர்களுக்கென்றே ஒரு நூல் செய்தார். அவர்தம் சிக்கனத் தந்திரங்களையும் வாதத் திறமைகளையும் அவர் விரித்த விரிவில் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் நாம் சிரிக்கிறோம். ஒரு பழக்கத்தை அதற்கு வெளியே நிற்பவன்தான் முழுதாகக் காண்கிறான். கூத்தில் மயங்கியவனுக்கு வேடம் தெரியாது.

‘அல்ஹுஜுராத் அத்தியாயம் எள்ளலைத் தடுத்திருக்கிறதே, ஓர் ஆலிம் இதைச் செய்யலாமா?’ என்பது இரண்டாவது கடிதல். இது கனமானது, இதனைத் தட்டிக்கழிக்க மாட்டோம். அங்கே தடுக்கப்பட்டது ஒரு கூட்டத்தாரை இழிந்தவராக எண்ணி நகைப்பது. ஆளை இழிப்பது வேறு. அவன் சிக்கிக்கொண்ட மடமையைக் காட்டுவது வேறு. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு மெல்லியது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். வசைபாடுவதில் வல்லவரான ஹுதைஆ என்னும் கவிஞர், ஸிப்ரிகான் இப்னு பத்ரு என்பவரைப் பாடியபோது, புகழ்ச்சிபோல் ஒலித்த ஓர் அடியைக் குறித்து கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் முறையீடு போயிற்று. ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களிடம் கருத்துக் கேட்டு, அது வசையே என்று தெளிந்த பின்னர் கலீஃபா அவரைச் சிறையிலிட்டார்கள். நம் தொல்காப்பியர் செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் இரண்டாகப் பகுத்தாரே, அந்த இரண்டாம் வகையின் கூர்மையை மதீனத்துத் தீர்ப்பு நன்கறிந்திருந்தது. ஆகவே, அங்கதம் எழுதப் புகுபவன் தன் சொல்லுக்குத் தானே நீதிபதியாகவும் இருக்க வேண்டும்.

‘வேடிக்கையாகச் சொன்னால் வேடிக்கையாகவே போய்விடும், கண்டிப்புத்தான் நிற்கும்’ என்பது மூன்றாவது கடிதல். இதில் பாதி உண்மை உண்டு. கிரிக்கெட்டின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இலண்டன் ஓவல் மைதானத்தில், 85 ஓட்டம் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இங்கிலாந்து 77க்குச் சுருண்டு, 7 ஓட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. மனம் நொந்த ரெஜினால்டு ஷெர்லி புரூக்ஸ் என்னும் பத்திரிகையாளர் ‘ஸ்போர்ட்டிங் டைம்ஸ்’ இதழில் ஆங்கிலக் கிரிக்கெட்டுக்கு இரங்கல் அறிவிப்பு ஒன்று வெளியிட்டார். மறைந்ததன் உடல் எரியூட்டப்படும், சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்படும் என்று அதில் கண்டிருந்தது. நல்ல அங்கதந்தான். ஆனால் நடந்தது என்ன? அடுத்த பருவத்தில் ஆஸ்திரேலியா சென்ற ஆங்கில அணித்தலைவர் சாம்பலை மீட்டு வரப் போவதாகச் சொன்னார். அங்கே அவருக்குச் சாண் உயரமும் இல்லாத சிமிழ் ஒன்று பரிசளிக்கப்பட்டது. இன்று அச்சிமிழ் லார்ட்ஸ் மைதான அருங்காட்சியகத்தில் பெருமையோடு வீற்றிருக்கிறது. ‘ஆஷஸ்’ என்ற பெயரிலேயே இரு நாடுகளும் ஆடி வருகின்றன. பரிகாசத்தைப் பரிகசிக்கப்பட்டவரே விழுங்கி, தம் மார்பில் பதக்கமாக அணிந்துகொண்டார்கள்.

இதற்குக் காரணம் என்ன? புரூக்ஸ் ஆட்டத்தைக் குத்தவில்லை. ஆட்டத்தில் தோற்றதைக் குத்தினார். ‘ஏன் தோற்றீர்’ என்று கேட்கும் கேலி ரசிகனுக்கு இனிக்கும். ‘எதற்காக இத்தனை’ என்று கேட்கும் கேலிதான் தொண்டையில் நிற்கும். ஆகவே நம் அன்பருக்கு நாம் சொல்வது: வேடிக்கை வேடிக்கையாய்ப் போய்விடாதிருக்க வழி கண்டிப்புக்குத் திரும்புவதன்று, வேடிக்கையை இடமறிந்து எய்வதே.

எய்ய வேண்டிய இடங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. ஐ.பி.எல். ஆட்டங்களைக் காட்டும் உரிமை 2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களுக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. இத்தொகையைக் கொடுத்தவர் யாரிடமிருந்து திரும்ப எடுப்பார் என்று பாயில் சாய்ந்திருப்பவர் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டாமா? பணம் வைத்து ஆடும் இணைய ஆட்ட நிறுவனம் ஒன்றின் பெயரை இந்திய அணியே நெஞ்சில் தாங்கி நின்றது. 2025 ஆகஸ்டில் அத்தகைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் வந்த பின்னரே அப்பெயர் சட்டையை விட்டு இறங்கியது. சூது விலக்கப்பட்டது என்பதை மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளையும் அறியும். அதே பிள்ளையின் அண்ணன் கைப்பேசியில் ‘அணி’ அமைத்துப் பணம் கட்டியதையும் நாம் அறிவோம். இவற்றுக்கெல்லாம் மேலாக, 2025 ஜூன் 4ஆம் நாள் பெங்களூருவில் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 உயிர்கள் போயின. ஆடிய களத்தில் ஒரு கீறலும் இல்லை. பார்க்கப் போனவர்கள் மாண்டார்கள். இங்கே நம் பேனாவுக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கதத்துக்கும் ஓர் எல்லை உண்டென்றால் அது மையத்து வீட்டு வாசல்தான்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் நாளில், ‘நீங்கள் யார் பக்கம்?’ என்று நம் பிள்ளைகளிடம் புன்னகையோடு கேட்கப்படும் கேள்வி இருக்கிறதே, அது நம் வெறுப்புக்கு உரமிட்டது. 2021 அக்டோபரில் துபாயில் இந்தியா தோற்றபோது, அணியில் ஆடிய முஹம்மது ஷமியின் மீதே இணையத்தில் வசைமாரி பொழிந்தார்கள். நாட்டுக்காகப் பந்து வீசியவனுக்கே அக்கேள்வி விடவில்லை. ஆயினும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அணித்தலைவர் விராட் கோலி அவ்வசையை வெளிப்படையாகக் கண்டித்தார். 1999 ஜனவரி 31இல் சேப்பாக்கத்தில் இந்தியா 12 ஓட்டத்தில் தோற்றபோது, சென்னை மக்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் முன் நம் வெறுப்பும் சற்றுத் தலைகுனிகிறது. கிரிக்கெட்டை எள்ளும் உரிமை நமக்கு உண்டு. சேப்பாக்கத்தை எள்ளும் உரிமை இல்லை.

இனி, நம் மசலாவின் முடிவைச் சொல்லாமல் விடுவது நாணயமாகாது. வாசித்த மறுநாள், கடைசி வரிசை மாணவன் ஒருவன் தாளொன்றை நம் மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். ஸர்ஃபு வாய்பாட்டின் பதினான்கு உருவங்களை ஒப்பிக்கத் திணறுபவன். ஆனால் ஒவ்வோர் ஆட்டக்காரரின் சராசரியையும் தூக்கத்திலும் சொல்லுபவன். அவன் மீதிருந்த எரிச்சலில் பாதிதான் கிரிக்கெட்டின் மீது நமக்கிருந்த எரிச்சல் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். தாளில் ஒரே ஒரு மசலா இருந்தது.

‘கிரிக்கெட் பிடிக்காது என்பார்; யார் எத்தனையில் ஆட்டமிழந்தார் என்று நம்மைவிடச் சரியாகச் சொல்லுவார். அவர் யார்? நம் உஸ்தாது.’

வகுப்பு மூச்சடக்கி நம் முகத்தைப் பார்த்தது. நாம் சிரித்தோம். சிரிக்காமல் இருந்திருந்தால் முதல்நாள் வாசித்த ஐந்து மசலாக்களும் வெறும் வசையாகியிருக்கும். அந்த ஹுதைஆவே, வசைபாட எவரும் அகப்படாத ஒருநாள் தம் முகத்தையே வைது பாடினார் என்று அரபு இலக்கிய வரலாறு கூறும். தன்னை விட்டுவைக்கும் அங்கதம் அரைகுறை என்பதை அக்கவிஞரிடம் படித்தோம், அம்மாணவனிடம் உணர்ந்தோம். மேலும் ஒன்று: வாய்பாடு வராதென்று நாம் கைவிட்ட பிள்ளைக்கு மசலா வந்தது. நம் கண்டனம் அவனுக்கு இப்படி ஒரு சொல்லைக் கொடுத்ததில்லை. நம் கேலி கொடுத்தது.

ஆகவே இளைஞர்களுக்கும், இளைஞர்களைப் பெற்றவர்களுக்கும் நம் வேண்டுகோள் இதுதான். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை ஊரே கொண்டாடுமானால், முணுமுணுத்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் மீது சீறியும் விழ வேண்டாம். மசலா இருக்கிறது, நாமா இருக்கிறது, நொண்டி நாடகம் இருக்கிறது. நம் முன்னோர் விட்டுச்சென்ற வடிவங்கள் தூசி படிந்து கிடக்கின்றன. எடுத்து எழுதுங்கள். பணம் பண்ணுபவரையும் பகைமை வளர்ப்பவரையும் நோக்கி எழுதுங்கள். தெருவில் பந்து பொறுக்கும் சிறுவனை விட்டுவிடுங்கள். எழுதி முடித்ததும் உங்களைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள்.

அம்மாணவனின் மசலாவை நம் ஐந்தோடு ஆறாவதாகச் சேர்த்துவிட்டோம். இப்போது வகுப்பில் வாசிக்கும்போது அதிலிருந்துதான் தொடங்குகிறோம்.