2025-ல் எல்லா டீமுக்கும் அதே 120 கோடிதான்... அப்புறம் ஏன் கோப்பை சிலருக்கே போகுது? ஐபிஎல் 'சமநிலை' கணக்கு என்ன?

2025 ஐபிஎல்-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. 17 சீசன்களாக ஏமாந்துகொண்டிருந்த ஆர்சிபி, இறுதிப்போட்டியில் பஞ்சாப் கிங்ஸை 6 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. 5 முறை சாம்பியனான சிஎஸ்கே, முதல்முறையாகப் புள்ளிப் பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனது.

மஞ்சள் படைக்கு இது வேதனைதான். ஆனால் லீக்குக்கு இது நல்லது. ஏன்?

யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மேட்ச் பார்க்க யார் வருவார்கள்? 1956-லேயே பேஸ்பால் பற்றிய தன் ஆய்வுக் கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார் பொருளாதார அறிஞர் சைமன் ராட்டன்பெர்க். மற்ற தொழில்களில் போட்டியாளர் காணாமல் போனால் லாபம். விளையாட்டில் எதிரணி பலவீனமானால் நமக்கும் நஷ்டம்.

ஐபிஎல் என்ன செய்கிறது?

➤ சம்பள உச்சவரம்பு: 2025 மெகா ஏலத்தில் 10 அணிகளுக்கும் தலா ரூ.120 கோடிதான். ஓனர் எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது.

➤ மெகா ஏலம்: சில வருடங்களுக்கு ஒருமுறை அணிகளைக் கலைத்துப் போட்டு, கிட்டத்தட்ட எல்லோரையும் மறுபடி தொடங்க வைக்கிறார்கள்.

➤ வெளிநாட்டு வீரர்கள்: ஒரு அணியில் அதிகபட்சம் 8 பேர், களத்தில் 4 பேர்.

➤ டிவி பணம்: ஒளிபரப்பு உரிமை வருமானத்தில் அணிகளின் பங்கை பிசிசிஐ பிரித்துக் கொடுக்கிறது. அதனால் ரசிகர் கூட்டம் குறைவான அணியும் தாக்குப்பிடிக்கிறது.

இது இல்லாத இடத்தில்?

ஜெர்மனியின் பண்டஸ்லிகாவைப் பாருங்கள். அங்கே இப்படிச் சம்பள உச்சவரம்பு கிடையாது. 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பேயர்ன் மியூனிக்தான் சாம்பியன். 2024-ல்தான் லெவர்குசன் அதை உடைத்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் முதல் 33 சீசன்களில் 7 கிளப்கள்தான் பட்டம் வென்றன. ஐபிஎல்-ல் முதல் 18 சீசன்களில் 8 அணிகள்.

அப்போ எல்லாம் சமமா?

அங்கேதான் சிக்கல். அந்த 18 கோப்பைகளில் 10, மும்பைக்கும் சென்னைக்கும்தான் போயிருக்கின்றன. பணத்தைச் சமமாக்கலாம், அதைச் செலவழிக்கும் புத்தியைச் சமமாக்க முடியாது. குறைந்த விலையில் திறமையைக் கண்டுபிடிப்பது, முக்கிய வீரர்களை வருடக்கணக்கில் ஒன்றாக வைத்திருப்பது, இதில்தான் இரண்டு அணிகளும் முந்தின.

ஆனால் தக்கவைப்புக்கும் ஒரு விலை உண்டு. 2025-க்கு முன் ருதுராஜ், ஜடேஜா, பதிரனா, துபே, தோனி என 5 பேரை வைத்துக்கொண்ட சிஎஸ்கே-வுக்கு ரூ.65 கோடி போனது. ஏலத்துக்கு மிச்சம் ரூ.55 கோடி. இரண்டே இரண்டு பேரை வைத்துக்கொண்ட பஞ்சாப், ரூ.110.5 கோடியோடு ஏலத்துக்கு வந்தது. ஒன்று கடைசி இடம், இன்னொன்று ஃபைனல்! ஒரு சீசனை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் இந்த விதி எப்படிக் கடிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதற்காக நிறைய செலவழித்தால் போதும் என்றும் இல்லை. ரூ.27 கோடிக்கு ரிஷப் பண்ட்டை வாங்கிய லக்னோ 7-வது இடத்தில் முடித்தது.

இதற்கு விலை கொடுப்பது யார்?

முதலில் வீரர்கள். அணியின் மொத்தச் சம்பளத்துக்கே உச்சவரம்பு இருப்பதால், ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைகிறது. அடுத்து ரசிகர்கள். வளர்த்துவிட்ட வீரர் அடுத்த ஏலத்தில் எதிரணி ஜெர்ஸியில் நிற்பார்.

ஆக, சமநிலை சும்மா வருவதில்லை. உங்க டீம் அடுத்த வருஷம் மீண்டு வரலாம் என்ற நம்பிக்கையையும், உங்க ஃபேவரைட் வீரர் உங்களோடு இருக்க மாட்டார் என்ற பயத்தையும் கொடுப்பது ஒரே விதிதான். அடுத்த மெகா ஏலத்தில் யாருக்கு அதிக விலை என்பதை மட்டும் பார்க்காமல், எந்த அணி எத்தனை பேரைத் தக்கவைத்தது, கையில் எவ்வளவு மிச்சம் என்பதையும் கவனியுங்கள். ஆட்டத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.