காவலைக் கலைக்கலாமா?

"என் அப்பிள் கணினிக்கு வைரஸ் வராது, அதற்கு ஏன் காவல்?" என்று மன்னாரில் அயலவர் ஒருவர் என்னை வினவினார். நம் தீவின் கிணறுகளே அதற்கு விடை என்றேன்.

1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் 17 பேரே. நோய் ஒழிந்ததென எண்ணி மருந்து தெளிப்பதை நிறுத்தினர். 1968, 1969ஆம் ஆண்டுகளில் அந்நோய் இலட்சக்கணக்கானோரை வீழ்த்திற்று. 2016இல் உலக சுகாதார நிறுவனம், இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று வழங்கியது. அவ்வாண்டின் இறுதியிலேயே, நகரங்களிலும் மலேரியாவைப் பரப்பவல்ல அனொபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு முதன்முறையாக மன்னார்த் தீவில் அகப்பட்டது. நோய் இல்லாமை வேறு; நோய் வர வழி இல்லாமை வேறு.

கணினியின் கதையும் அதுவே. 2012இல் ‘பிளாஷ்பேக்’ என்னும் தீநிரல், ஜாவா மென்பொருளின் ஓட்டை வழியே ஆறு இலட்சம் அப்பிள் கணினிகளுக்குள் புகுந்தது.

அதற்காக, அஞ்சிக் கண்டதையெல்லாம் விலைகொடுத்து வாங்குக என்பேனல்லேன். இன்றைய அப்பிள், விண்டோஸ் கணினிகள் காவலோடுதான் வருகின்றன. வீட்டுக்குப் பெரும்பாலும் அது போதும். அதனை அணைத்துவிடாமலும், புதுப்பித்தலை நாளைக்கென்று தள்ளாமலும் இருத்தல் வேண்டும். சான்று கிடைத்த பின்னும் கிணறு கிணறாய்த் தேடியவர்கள் இருந்தமையாலன்றோ அந்த நுளம்பு கண்ணிற் பட்டது!