புள்ளி மங்கினால் படிகத்தைப் பாருங்கள்!

செட்டிநாட்டில் கணக்கு முடிப்பதை "ஐந்தொகை போடுவது" என்பார்கள். பற்றும் வரவும் நேராகாவிட்டால் கணக்கப்பிள்ளைக்கு இரண்டு வழி. ஒன்று, பேரேட்டைத் திரும்பப் புரட்டித் தப்பு எங்கே என்று தேடுவது. இன்னொன்று, இடிக்கிற தொகையை அனாமத்துக் கணக்கில் தூக்கிப் போட்டுவிடுவது. இரண்டாவதில் காகிதம் நேராகிவிடும். தப்பு அப்படியே இருக்கும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் விஞ்ஞானத்திலும் இப்படி ஓர் அனாமத்து உண்டு.

நம் உடம்பில் வேலை செய்யும் புரதங்களின் உருவத்தைக் கண்டுபிடிக்க, புரதத்தைப் படிகமாக்கி அதன் மேல் எக்ஸ்ரே பாய்ச்சுகிறார்கள். கதிர்கள் சிதறிப் புள்ளிகளாகப் பதிகின்றன. அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் வைத்து, அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்குப் போடுகிறார்கள். நல்ல படிகம் என்றால் படத்தின் ஓரம் வரை புள்ளிகள் தெரியும். மோசமான படிகம் என்றால் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். 2 ஆங்ஸ்ட்ராம் வரை டேட்டா கிடைத்தால் புரதத்தின் பக்கக் கிளைகள்கூடத் தெளிவாகும். 4 ஆங்ஸ்ட்ராமோடு நின்றுவிட்டால் சுருள்கள் தடித்த குச்சிகளாகத்தான் தெரியும்.

புள்ளிகள் மங்கினால் என்ன செய்வது? கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சாஃப்ட்வேரில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கத்தான் முதலில் ஆசை வரும். அதுதான் அனாமத்து! முதலில் பார்க்க வேண்டியது படிகத்தை.

படிகத்தை வழக்கமாக மைனஸ் 173 டிகிரிக்குக் குளிரவைத்துத்தான் படம் எடுப்பார்கள். புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது பனிக்கட்டியானால் படத்தில் வளையங்கள் விழும், படிகமும் கெடும். ஆகவே குளிர்விக்காமல் சாதாரண வெப்பநிலையில் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் புள்ளிகள் நன்றாக இருந்தால் குற்றவாளி குளிர்விப்பு. கிளிசரின் அளவை மாற்றினால் சரியாகலாம். அதிலும் மோசமென்றால் படிகமே சரியில்லை. புரதத்தை மறுபடி சுத்தம் செய்து புதிதாக வளர்க்க வேண்டும். தள்ளித் தள்ளிச் சில பலமான புள்ளிகள் மட்டும் விழுந்தால், வளர்ந்திருப்பது புரதமே அல்ல, உப்பு!

இந்தப் பொறுமைக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை எடுத்துக்கொண்டார். அதில் தெளிவான புள்ளிகள் கிடைக்காது, கலங்கலான படம்தான். நல்ல மாதிரி தேடியதில் கங்காருவின் வால் நார் கை கொடுத்தது. 1954ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழைகள் கொண்ட உருவத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டே தானே அதைத் திருத்தினார். சில அணுக்கள் ஒன்றையொன்று மிகவும் நெருங்குகின்றன என்று கிரிக்கும் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். ராமச்சந்திரன் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே முறையாக ஆராயத் தொடங்கினார். அதிலிருந்து 1963ல், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் உருவானதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எந்தப் புரத உருவத்தையும் தணிக்கை செய்ய அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். நம் ஊர்க்காரர் தந்த ஆடிட்!

எதிர் உதாரணமும் உண்டு. 2001ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி சாங் குழு எம்.எஸ்.பி.ஏ என்ற புரதத்தின் உருவத்தை 4.5 ஆங்ஸ்ட்ராமில் வெளியிட்டது. அவர்கள் பயன்படுத்திய ஒரு புரோகிராமில் குறி ஒன்று தலைகீழாகிவிட்டிருந்தது. அவ்வளவு மங்கலான படத்தில் தவறு எளிதில் கண்ணில் படவில்லை. 2006ல் வேறொரு குழு ஒத்த புரதத்தின் உருவத்தை வெளியிட்டபோதுதான் குட்டு உடைந்தது. ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நடுவில் அதை நம்பி உழைத்தவர்களின் வருடங்களை யார் திருப்பித் தருவது?

இது காரைக்குடிக்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கே அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித் தகவலியல் துறை இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ கல்லூரிகளில் மாணவர்கள் புரத உருவங்களை இணையத்தில் இறக்கி, மருந்து பொருந்துமா என்று பார்த்து புராஜெக்ட் செய்கிறார்கள். உருவம் தப்பென்றால் அதன் மேல் கட்டியதெல்லாம் தப்பு. இப்போதுதான் ஆல்ஃபாஃபோல்ட் வந்துவிட்டதே என்பவர்களும் உண்டு. அதற்குப் பாடம் சொன்னதும் இதே சேமிப்பில் உள்ள உருவங்கள்தான்.

படிகம் வளர மாதக்கணக்காகும், மெஷினில் நேரம் கிடைப்பது கஷ்டம், கைடு அவசரப்படுத்துவார். எல்லாம் நியாயமே. மங்கலான டேட்டாவை வெளியிடுவது குற்றமும் அல்ல. மங்கல் என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம். எடுத்துப் பயன்படுத்துகிறவருக்கும் பொறுப்புண்டு. ரெசல்யூஷன் எவ்வளவு, ஒதுக்கி வைத்த புள்ளிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஆர்-ஃப்ரீ எவ்வளவு, மருந்து உட்காரும் இடத்தில் எலக்ட்ரான் அடர்த்தி நிஜமாகவே தெரிகிறதா? மூன்றையும் பார்க்கப் பத்து நிமிஷம் போதும்.

அடுத்த முறை ஓர் உருவத்தை இறக்கும்போது, ஐந்தொகை நேராக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன், அனாமத்தில் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.